கழற்றிய கியர்

பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதன் கியர்களையெல்லாம் கழற்றிவிட்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டே பல்சக்கரங்களை வைத்து ஓட்டுவது அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் 1990களிலிருந்து பரவிய ஒரு பழக்கம். இப்போது அது புதுமையாகவும் இல்லை, மறைந்துவிடவும் இல்லை. இதைச் செய்கிறவர்கள் சொல்லும் நியாயங்களில் இரண்டு நேர்மையானவை: பழுது குறைவு, செலவு குறைவு. மூன்றாவதாக இன்னொன்றையும் சொல்கிறார்கள். சைக்கிளை அதன் ஆதி வடிவத்துக்கு, அதன் தூய்மைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறோம் என்கிறார்கள். இயந்திரத்துக்குத் தூய்மை என்று ஒன்று உண்டா என்பது தனிக் கேள்வி. ஆதி என்று இவர்கள் சுட்டும் இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று பார்த்தால், அங்கே பெரும்பாலும் இருந்தது ஒரு தடையுத்தரவு.

காரியம் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். 1970களின் ரேஸ் சைக்கிளில் பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரங்கள். பெரும்பாலும் ஒன்றில் 52 பல், மற்றதில் 42. பின்சக்கரத்தில் ஐந்து. இரண்டையும் ஐந்தையும் பெருக்கிப் பத்து கியர் வண்டி என்று விற்றார்கள். செயினை ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவிக்கு டிரெய்லியர் என்று பெயர். பிரெஞ்சு வார்த்தை, தடம் புரளச் செய்வது என்று அர்த்தம். இதைக் கழற்றி, ஐந்தடுக்குப் பிரீவீலையும் கழற்றினால் பெரும்பாலும் அதே மரையில் ஒற்றைப் பிரீவீல் ஏறிக்கொள்ளும். முன்னால் 42 பல் மட்டும் மிஞ்சும். செயின் முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும் என்பதற்காக அச்சிலுள்ள வாஷர்களை இடம் மாற்றி, ஸ்போக்குகளை ஒரு பக்கம் முறுக்கி மறுபக்கம் தளர்த்தி, ரிம்மை நடுவுக்குக் கொண்டுவருவார்கள். கடைசியாகச் செயினின் தொய்வு. அதுவரை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது டிரெய்லியரின் ஸ்பிரிங். அது போய்விட்டதால் பின் அச்சையே பின்னோக்கி நகர்த்தி இறுக்க வேண்டும். பின்னால் 16 பல் வைத்தால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுழலும். சமவெளிக்குச் சரி. மலையேற்றத்தில் உயிர் போகும்.

சைக்கிள் பிறந்தபோது அதற்கு ஒரே கியர்தான் இருந்தது என்பது உண்மை. 1885ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் வண்டி, இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின் என்று இன்றைய சைக்கிளின் வடிவத்தை நிர்ணயித்தது. ஆனால் இந்த 'ஆதி' எவ்வளவு காலம் நீடித்தது? சில வருஷங்களுக்குள்ளேயே இரண்டு வேகங்களுக்கான முயற்சிகள் ஆரம்பித்துவிட்டன. 1903ல் நாட்டிங்ஹாமில் ராலே கம்பெனியின் பிராங்க் பௌடன், சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே மூன்று கியர்களை ஒளித்துவைத்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன் பிறகு இங்கிலாந்தில் வேலைக்குச் சைக்கிளில் போகிற ஒரு சாதாரண குமாஸ்தாவுக்குக்கூட, காசிருந்தால், மூன்று கியர் கிடைத்தது. அதே காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய பந்தயத்தில் மலையேறிக்கொண்டிருந்த வீரனுக்கு அது கிடைக்கவில்லை. தொழில்நுட்பம் இல்லாததாலா? இல்லை, ஒரு மனிதர் வேண்டாம் என்று சொன்னதால்.

அந்த மனிதர் ஆன்றி தெக்ராஞ்ச். பாரிசில் வக்கீல் அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தவர். (குமாஸ்தாக்களுக்கு வீரத்தின்மீது இருக்கும் மோகம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.) 1893ல் பாரிசின் பஃபலோ ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி, முறையாகப் பதிவான முதல் ஒரு மணி நேரச் சாதனையைச் செய்தார். ஓடுதளம் என்றால் மேடு கிடையாது, எதிரே வண்டி கிடையாது, நிறுத்த வேண்டிய அவசியமும் கிடையாது; அங்கே ஒற்றைக் கியர் என்பது இயற்கை நியதி மாதிரி. இந்த மனிதர் பிறகு பத்திரிகாசிரியர் ஆனார். தன் லோட்டோ பத்திரிகையின் விற்பனையைப் பெருக்க 1903ல் டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கி நடத்தினார். ஓடுதளத்தின் நியதியை ஒரு தேசத்தின் மலைகள்மேல் ஏற்றிவைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பில் ஒருவர் இருந்தார். போல் த விவி, புனைபெயர் வெலோசியோ. சாந்த் எத்தியேன் நகரத்துப் பட்டு வியாபாரி, மரக்கறி உணவுக்காரர். 1887ல் ஒரு சைக்கிள் பத்திரிகை ஆரம்பித்து ஆயுள் முழுக்க எழுதினார். இலக்கியத்தில் சிறு பத்திரிகை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் சைக்கிள் வடிவம் அது: ஓர் ஆசிரியர், சில நூறு பிடிவாதக்காரர்கள், வணிகப் பத்திரிகைகளோடு தீராத சண்டை. நகரத்திலிருந்து கிளம்பி 1161 மீட்டர் உயரத்திலிருக்கும் ரிபப்ளிக் கணவாய்க்கு ஏறுவது அவருடைய பரிசோதனைச்சாலை. ஒரே வண்டியில் இரண்டு செயின், பிறகு கையால் செயினை மாற்றுவது, பிறகு டிரெய்லியர் என்று ஒவ்வொன்றையும் தன் கால்களில் சோதித்து எழுதினார். அவர் வாதம் எளியது. மனித உடம்பு ஒரு குறிப்பிட்ட தாளத்தில் வேலை செய்யும்போதுதான் களைக்காமல் நெடுந்தூரம் போகும். பாதை மாறும்போது தாளம் மாறக் கூடாதென்றால் கியர் மாற வேண்டும்.

1902ல் மலைப்பாதையில் நடந்த ஒரு போட்டியில் மார்த் ஹெஸ் என்ற பெண்மணி மூன்று கியர் வண்டியில் ஏறி, ஒற்றைக் கியரில் வந்த எதுவார் ஃபிஷர் என்ற தொழில்முறை வீரரைத் தோற்கடித்தார். தெக்ராஞ்சின் பதில் பிரசித்தமானது. மாற்றுக் கியர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான், நாம் மெலிந்துபோய்க்கொண்டிருக்கிறோம், எனக்கு ஒற்றைக் கியர் போதும் என்ற பொருள்பட எழுதினார். எழுதியபோது அவருக்கு வயது 37. வெலோசியோவுக்கு 49. ஒரு பெண்ணிடம் தோற்ற சங்கடத்தை வயோதிகர்களைக் கேலி செய்வதன் மூலம் தாண்டிப்போகும் இந்த வாக்கியங்களை இன்றைய ஒற்றைக் கியர்க்காரர்கள் சுவரொட்டிகளிலும் சட்டைகளிலும் அச்சடித்துப் போட்டுக்கொண்டதுண்டு. எந்தச் சந்தர்ப்பத்தில், யாரை எதிர்த்து எழுதப்பட்டவை என்று அவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை.

தெக்ராஞ்சைப் பொறுத்தவரை கியர் ஒரு கருவிப் பிரச்னையாக இருக்கவில்லை. மனிதன் தனியாக, உதவியின்றி, இயற்கையோடு மோத வேண்டும் என்பது அவர் தரிசனம். 1910ல் பந்தயத்தைப் பிரனீஸ் மலைகளுக்குள், 2000 மீட்டருக்கு மேற்பட்ட தூர்மாலே கணவாய்க்கு அனுப்பினார். அந்த வருஷம் ஜெயித்த ஒக்தாவ் லாபீஸே மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. 1913ல் நடந்தது இன்னும் துலக்கமானது. தூர்மாலேயிலிருந்து இறங்கும்போது எழேன் கிரிஸ்தோஃபின் முன் ஃபோர்க் உடைந்துவிட்டது. வண்டியைச் சுமந்துகொண்டு சாந்த் மாரி த காம்பான் கிராமம் வரை நடந்து, அங்கே ஒரு கொல்லன் பட்டறையில் நெருப்பு மூட்டித் தன் கையாலேயே ஃபோர்க்கை ஒட்டவைத்தார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது. காரணம், துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவிவிட்டான். கிரிஸ்தோஃபுக்கு இரண்டே கை.

இந்தக் கதையை வீரத்தின் கதையாகச் சொல்லிச் சொல்லி நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதில் வீரம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கிரிஸ்தோஃபுடையது. விதியை எழுதியவருடைய கணக்கில் அதை வரவு வைப்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் செல்லாது. கஷ்டத்தைத் தேர்ந்துகொள்கிறவனும் கஷ்டத்தை விதிக்கிறவனும் ஒருவனாக இல்லாதபோது, 'தூய்மை' என்ற வார்த்தையை யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்று கவனிக்க வேண்டியிருக்கிறது.

அப்போதைய வீரர்கள் இந்தத் தடையோடு எப்படிப் பிழைத்தார்கள்? பின் ஹப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம்: ஒன்று சமவெளிக்குச் சிறியது, மற்றது ஏற்றத்துக்குப் பெரியது. மலையடிவாரத்தில் இறங்கி, அச்சின் காது வைத்த நட்டுகளைத் திருகித் தளர்த்தி, சக்கரத்தை உருவித் திருப்பிப் போட்டு, மறுபடி இறுக்கி ஏறுவார்கள். உச்சியில் இதே கைங்கரியம் தலைகீழாக. எப்போது இறங்குவது என்பதே ஒரு தந்திரம். எதிராளி இறங்கும்வரை காத்திருந்து தாக்குவார்கள். துல்லியோ கம்பாஞ்ஞோலோ என்ற இத்தாலிய வீரர் 1927 நவம்பரில் குரோசே தாவ்னே கணவாயில் பனியில் விரல்கள் மரத்துப்போய் நட்டைத் திருக முடியாமல் பந்தயத்தைக் கோட்டைவிட்டார், அதிலிருந்துதான் நெம்புகோலை ஒரு தட்டுத் தட்டினால் சக்கரம் கழலும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்கிறார்கள். கதை எவ்வளவு நிஜமோ, அந்த நெம்புகோல் நிஜம். ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் உலகத்து ரேஸ் சைக்கிள்களில் அதுதான் இருந்தது. இன்னும் எத்தனையோ வண்டிகளில் இருக்கிறது. ஆக, ஒற்றைக் கியர் யுகம் என்று இன்று ஏக்கத்தோடு பேசப்படும் காலத்தில், வண்டியில் இருந்தவனின் முழுக் கவனமும் ஒற்றைக் கியரிலிருந்து எப்படித் தப்பிப்பது என்பதிலேயே இருந்தது.

1936 பந்தயத்தின் நடுவே தெக்ராஞ்ச் உடல்நலமில்லாமல் விலகினார். பொறுப்பு ழாக் கோதேயிடம் போனது. அடுத்த வருஷமே, 1937ல், டிரெய்லியர் அனுமதிக்கப்பட்டது. அந்த வருஷம் டிரெய்லியரோடு ஓட்டிய ரோஜே லாபெபி ஜெயித்தார். வெலோசியோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை; 1930ல் சாந்த் எத்தியேனில் டிராம் மோதி இறந்திருந்தார்.

இப்போது சைக்கிளின் ஃப்ரேமுக்கு வரலாம். பழைய ரேஸ் வண்டியை ஒற்றைக் கியராக மாற்ற முடிவது அதன் பின்பக்கக் காடியால்தான். பின் அச்சு உட்காரும் அந்தக் காடி நீளவாக்கில் படுத்திருக்கும். அச்சை முன்னும் பின்னும் நகர்த்தலாம். இது யாருக்காக ஏற்பட்டது? சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, பல் எண்ணிக்கை மாறும்போது செயினை இறுக்க வேண்டியிருந்த அந்தப் பழைய வீரர்களுக்காக. 1940களில் கம்பாஞ்ஞோலோவின் ஒரு கியர் அமைப்பில், ஓடிக்கொண்டிருக்கும்போதே கையைப் பின்னால் விட்டு அச்சைத் தளர்த்தி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிச் செயினை மாற்றுவார்கள். அச்சு பற்கள் வெட்டிய காடியில் தானே நகர்ந்து தொய்வைச் சரி செய்துகொள்ளும். பிற்பாடு டிரெய்லியரின் ஸ்பிரிங் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. காடியின் நீளத்துக்குத் தேவை குறைந்தது. ஆனாலும் 1970கள் முழுக்க அது பழக்கத்தாலேயே நீடித்தது. 1980களில் நேர்குத்தான காடி பரவியபின் வந்த ஃப்ரேம்களைச் செயின் இறுக்கும் தனிக்கருவி இல்லாமல் மாற்ற முடியாது. இன்றைய எளிமைக்கு இடம் கொடுப்பது, ஒரு பழைய அவஸ்தைக்காக வெட்டப்பட்டு, அவஸ்தை போனபின்னும் அடைபடாமல் நின்ற ஒரு பள்ளம்.

ஒற்றைக் கியரை மனமொப்பித் தேர்ந்துகொண்ட ஒரு மரபும் இருந்தது, அதை மறைப்பது நியாயமில்லை. அது பிரிட்டிஷ் கிளப்புகளின் மரபு. அங்கே குளிர்காலத்தில் பிரீவீல் இல்லாத வண்டியை எடுப்பார்கள். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும்; காலை ஓய்வாக வைக்க முடியாது. ஈரமும் உப்பும் படிந்த சாலையில் நல்ல கியரைப் பாழாக்காமலிருக்கவும், கால் சீராகச் சுழலப் பழகவும் இது. பருவத்தின் ஆரம்பத்தில் 72 அங்குலத்துக்கு மேற்பட்ட கியர் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு பந்தயங்கள் வைப்பார்கள். இந்த அங்குலக் கணக்கே விசித்திரமானது. ரோவருக்கு முந்திய, முன்சக்கரம் ஆளுயரம் நின்ற வண்டியில் எவ்வளவு விட்டமுள்ள சக்கரத்துக்கு இது சமம் என்பதைச் சொல்லும் அளவு அது. வண்டி செத்து அளவு மட்டும் பிழைத்திருக்கிறது. 1956ல் ரே பூட்டி 100 மைல் தூரத்தை 3 மணி 58 நிமிஷம் 28 வினாடியில் கடந்து, அந்தப் பந்தயத்தில் நான்கு மணிக்குள் வந்த முதல் மனிதரானபோது அவர் வண்டியிலிருந்தது பிரீவீல் இல்லாத ஒற்றைக் கியர். ஆனால் இந்தக் கிளப் மனிதர்கள் யாரும் இதைத் தத்துவமாக்கவில்லை. வசந்தம் வந்ததும் கியர் வண்டியை வெளியே எடுத்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் நடந்ததற்குப் பொருளாதாரம்தான் முன்னுரை. 1970க்கும் 1974க்கும் நடுவே அங்கே சைக்கிள்மேல் ஒரு பெருமோகம் வந்தது; 1973ல் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. ஷ்வின், பெஷோ, ராலே, பிறகு ஜப்பானிய வண்டிகள் என்று பத்து கியர்கள் வீட்டுக்கு வீடு வந்தன. பெரும்பாலானவர்கள் இரண்டு கோடைகள் ஓட்டிவிட்டுக் காரேஜில் சாய்த்தார்கள். இருபது முப்பது வருஷம் கழித்து அவை வீட்டு வாசல் விற்பனைகளில் அற்ப விலைக்கு வந்தன. நல்ல இரும்பு, செத்துப்போன டிரெய்லியர். கழற்றி எறிவதைவிட இயல்பான காரியம் இல்லை. இந்தக் கட்டத்தில் இது வறுமையின், அல்லது சிக்கனத்தின் அறிவு. அதற்குமேல் எதுவும் அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கடையில் மெக்கானிக்காக இருந்த, 2008ல் காலமான ஷெல்டன் பிரௌன் எந்த வண்டியை எப்படி மாற்றலாம் என்று வருஷக்கணக்கில் எழுதிவைத்தார். அவர் எழுத்தில் உபதேச வாடையே கிடையாது. எந்த நட்டு எந்த மரை என்றுதான் இருக்கும். இந்த விஷயத்தில் வாசிக்கத் தகுந்த வசனம் அவருடையதுதான்.

தத்துவம் வேறிடத்திலிருந்து வந்தது. நியூயார்க்கில் கடிதக்கட்டு கொண்டுபோகும் சைக்கிள் தூதர்களில் பலர் 1980களில் ஓடுதள வண்டிகளை, பிரீவீல் இல்லாமல், தெருவில் ஓட்டினார்கள். கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் அதில் கணிசம். கெட்டுப்போக ஒன்றும் இல்லாத வண்டி. ஒரு நாள் பழுதென்றால் ஒரு நாள் கூலி போச்சு என்ற நிலையில் அது ஒரு கணக்கு. அவர்களில் ஒருவரான ஹார்லெம் இளைஞர் நெல்சன் வெய்ல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் ஓடுதள விரைவோட்டத்தில் வெள்ளி வாங்கினார். மூன்று வருஷம் கழித்து, 1987ல், அதே நகரத்தின் மேயர் எட் காச் மன்ஹாட்டனின் மூன்று பெரிய அவென்யூக்களின் நடுப்பகுதியில் பகல்வேளையில் சைக்கிளே ஓடக் கூடாதென்று உத்தரவிட்டார். நீதிமன்றம் அதை நிறுத்தியது. தடை செய்யத் தக்கவர்களாக இருந்த இவர்களின் வண்டிதான் 2000களில் வசதியுள்ள இளைஞர்களின் ரசனைச் சின்னமாயிற்று. வர்ணம் பூசிய ரிம்கள் வந்தன. பழைய வண்டியில் கழற்றிக் கிடைத்த எளிமையைக் கம்பெனிகள் புதிதாகவே செய்து விற்க ஆரம்பித்தன.

நமக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'ஒற்றைக் கியர் சைக்கிள்' என்ற தொடரே தமிழில் அந்நியமாக ஒலிக்கிறது. அம்பத்தூரில் ஹெர்குலிஸ் உற்பத்தியாகத் தொடங்கிய நாளிலிருந்து நமக்குச் சைக்கிள் என்றால் ஒரே கியர்தான், பெயரடை தேவைப்படவில்லை. கேரியரில் தண்ணீர்க் குடங்களோ நெல் மூட்டையோ வைத்து, பாலத்து ஏற்றத்தில் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிக்கிறவனிடம் அவன் தூய்மையில் இருக்கிறான் என்று சொல்லிப் பார்க்கலாம். கையில் ஒரு கியர் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். இல்லாமையும் துறவும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பது நமது மரபுக்குப் புதிதல்ல; ஆண்டியும் பிச்சைக்காரனும் ஒரே கோயில் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். புதுக்கவிதையில் இதே குழப்பம் நடந்தது. யாப்பைக் கற்று, அதன் விசையை உடம்பில் வாங்கிக்கொண்டு, பிறகு உதறியவனின் வரியும், யாப்பென்று ஒன்று இருந்ததே தெரியாதவனின் வரியும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாயின. முதலாமவனுக்குச் சொன்ன நியாயத்தை இரண்டாமவன் எடுத்துப் போர்த்திக்கொண்டான்.

கழற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எப்படிக் கழற்றுவது என்பதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன, அதில் நான் ஒரு பக்கம். முதல் கட்சி, கழற்றியதைத் துணியில் சுற்றி எடுத்துவைக்கும், ஃப்ரேமைத் தொடாது. நாளை வேறொருவன் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம். இரண்டாவது கட்சி அரத்தைக் கையில் எடுக்கும். நல்ல ஃப்ரேம்களில் வலப்பக்கக் காடியின் கீழே டிரெய்லியர் தொங்குவதற்கு ஒரு நாக்கு நீண்டிருக்கும். அதை ராவி எடுத்துவிட்டு, கேபிளுக்காகப் பற்றவைத்த சிறு வளையங்களையும் ராவிவிட்டு, மேலே புது வர்ணம் அடிப்பார்கள். பார்ப்பதற்கு இந்த வண்டிக்குக் கியர் என்பதே என்றைக்கும் இருந்ததில்லை போலிருக்கும். 1980ல் ஒரு தொழிற்சாலையில் பற்றவைக்கப்பட்ட இரும்பு, தெக்ராஞ்ச் காலத்தது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். செப்பேட்டில் தானம் கொடுத்தவன் பெயரைச் சுரண்டுகிற வேலை இது. வெலோசியோவும் மார்த் ஹெஸ்ஸும் வாதாடி வாங்கிய ஒன்று இந்த இரும்பில் இருந்தது என்பதற்கான ஒரே சாட்சியம் அந்த நாக்குதான்.

முழுக்கச் சுரண்டிவிடவும் முடிவதில்லை. ஓடுதள ஹப்பின் அகலம் 120 மில்லிமீட்டர். பின்னால் ஆறு பல்சக்கரம் வைத்து வந்த வண்டிகளில் இரண்டு காடிகளுக்கும் நடுவே 126 மில்லிமீட்டர் விட்டிருப்பார்கள். வர்ணம் எவ்வளவு புதிதானாலும், இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டருக்கு வாஷர் போட்டால்தான் சக்கரம் உட்காரும்.